இன்னும் கிழவனாக்குங்க

“இன்னும் கிழவனாக்குங்க தம்பி. இது பத்தாது.”

போட்டோக்காரர் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தார். திரையில் இருந்தது அவர் புருஷன். கருகருவென்று முடி, வரிசைப் பல், இப்போதுதான் ஏற்றிய ரெண்டு சுருக்கத்தையும் மீறிப் பச்சைக் குழந்தைக் கன்னம். கடையில் அவருக்கு மாப்பிள்ளை சார் என்று பெயர். வயது கேட்டால் ஐம்பத்தெட்டு என்பார். பத்து வருஷமாக அதே ஐம்பத்தெட்டு.

அந்த ஸ்டூடியோவில் யாருக்கும் வயதாகாது. சுருங்கிய முகத்தோடு உள்ளே போகிறவர்கள் இஸ்திரி போட்ட முகத்தோடு வெளியே வருவார்கள். படத்தைக் கையில் வாங்கி, “அப்படியே நான்தான்” என்று கூசாமல் சொல்லவும் செய்வார்கள். மாப்பிள்ளை சார் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போகிறவர்.

வயதைக் கூட்டச் சொல்லி வந்த முதல் ஆள் இந்த அம்மாதான். போட்டோக்காரருக்கு அது சரியாகப் படவில்லை.

“எதுக்கும்மா இது? ஏதாவது ஆபீஸ்ல குடுக்கவா?”

“ஆபீஸ்லயும் குடுக்கணும். முதல்ல முடியை எடுங்க.”

“எவ்வளவு?”

“மொத்தமும். அது டோப்பா. காதுக்கு மேல மட்டும் நாலு வெள்ளை முடி விடுங்க.”

அந்த முடிக்குத்தான் போட்டோக்காரர் இத்தனை நாளாகப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். முகம் சுண்டிப்போய், முடியை அழித்தார்.

“மேல் வரிசை பூரா கட்டின பல்லு. வாயை உள்ள இழுங்க. இன்னும். சுருக்குப் பை மாதிரி ஆகணும்.”

“கட்டின புருஷனை இப்படியா அசிங்கப்படுத்துவீங்க?”

“இதுல என்ன அசிங்கம்? தினம் இந்த மூஞ்சிக்குத்தான் சோறு போடுறேன். நீங்க பண்ணி வெச்சிருக்கீங்களே, அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ மெதுவாக நடந்து போனார். அந்த அம்மா பாதி எழுந்து பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

“வீட்டுல வேற படமே இல்லையா?”

“எங்க எடுக்க விட்டாரு? மருமக ஒரு தடவை டோப்பா இல்லாம போன்ல எடுத்துட்டா. போனைப் பிடுங்கி அழிச்சுட்டு ரெண்டு மாசம் அவகூடப் பேசலை. பேரன் பிறந்த நாளைக்கு மீசைச் சாயம் காயலைன்னு ரூமை விட்டே வரலை. இப்பெல்லாம் கண்ணாடியைப் பார்த்து, ‘யாருடி இந்தக் கிழவன், நம்ம வீட்டுல என்ன பண்றான்’னு என்னையே கேக்கறாரு.”

போட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “மாப்பிள்ளை சாருக்கு லொள்ளு குறையவே இல்லை.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. “இடது கண்ணு கொஞ்சம் இறங்கி இருக்கும். நெத்தியில மூணு கோடு. கழுத்துல தோல் தொங்கும், அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்.”

ஒவ்வொன்றாக ஏற ஏற, மாப்பிள்ளை சார் கரைந்து போனார். மொட்டைத் தலையும் பொக்கை வாயுமாக ஒரு கிழவர் மிரண்டு பார்த்தார். அந்த அம்மா கையை நீட்டிக் கிழவரின் கன்னத்தைத் தொட்டார்.

“ஸ்கிரீனைத் தொடாதீங்கம்மா, கறை ஆகும்.”

“இதுதான். இவருதான். சீக்கிரம் பிரிண்ட் போட்டுக் குடுங்க தம்பி, பொழுது போறதுக்குள்ள வேணும்.”

“எத்தனை காப்பி?”

“இருநூறு.”

போட்டோக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதியோர் சலுகைக்கு ஒரு மனு என்றால்கூடப் பரவாயில்லை. இருநூறு காப்பி என்றால் இது ஏதோ பெரிய கும்பலின் வேலை. விசாரணை என்று வந்தால் முதலில் கடைக்குத்தான் பூட்டுப் போடுவார்கள்.

“முடியாதும்மா. இல்லாத முகத்தை உண்டு பண்ணிக் குடுக்கிறது மோசடி. நான் நியாயமா தொழில் பண்றவன்.”

ஒரு முகத்துக்கு இருபது வருஷம் குறைத்துக் கொடுத்த நியாயவான் அவர். குறைத்தபோது உறுத்தாத மனசாட்சி கூட்டும்போது துள்ளிக்கொண்டு எழுந்துவிட்டது.

“தம்பி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இந்தப் படத்தை விட்டா எனக்கு வேற வழி இல்லை.”

“அதெல்லாம் வேண்டாம். படமா வேணும்? ஆளை நேர்ல கூட்டிட்டு வாங்க. டோப்பாவையும் பல்லையும் கழட்டி வெச்சுட்டு இந்த ஸ்டூல்ல உக்காரச் சொல்லுங்க. ரெண்டே நிமிஷத்துல நிஜ மூஞ்சியை எடுத்துத் தரேன்.”

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ரெண்டையும் கழட்டி வெச்சுட்டுத்தான் தம்பி போயிருக்காரு. நாலு நாளா ஆளைக் காணோம்.”