குறுக்கே எழுந்தவள்

“அவளையும் கூப்பிட்டிருக்கீங்களா? வேற வினையே வேண்டாம்.”

கண் டாக்டர் காப்பிக் கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“நாங்க கூப்பிடலை சார். சீஃப் கெஸ்ட் போட்ட ஒரே நிபந்தனை. அவங்க வந்தாத்தான் நான் வருவேன்னுட்டார்” என்றார் மாநாட்டுப் பொறுப்பாளரான பேராசிரியை.



கல்லூரியின் மாதிரி உலகச் சுகாதார மாநாட்டுக்கு இது வெள்ளி விழா. மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து, மருந்து யாருக்கு, தடுப்பூசி முதலில் யாருக்கு என்று முட்டி மோதுவார்கள். முதல் மாநாட்டில் அவைத் தலைவர் இந்த டாக்டர்தான். நண்பர்களுக்கு இன்றைக்கும் அவர் ‘தலைவர்’.

அன்றைக்கு லேப்டாப் ஏது? காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் நாட்டின் பெயரை எழுதி நிறுத்தினார்கள். இருந்த இரண்டே கோட்டுகளை எல்லாரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பேசினார்கள். தீர்மானம் நிறைவேறியதும், இனி உலகத்தில் ஒருத்தருக்கும் காய்ச்சலே வராது என்பதுபோல் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு தீவு நாட்டுக்காகப் பேசியவன் ‘ரேடியோ’. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோபோல ஒரே எழுத்தில் நின்று இழுக்கும் திக்குவாய். வகுப்பில் தன் பெயரைச் சொல்லவே தயங்குகிறவன், எப்படியோ துணிந்து வந்திருந்தான்.

பணக்கார நாட்டுக்காகப் பேசியவள் ‘ஆட்சேபணை’. ரேடியோ பேச எழுந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் இவளுடைய அட்டை மேலே போய்விடும்.

“தலைவர் அவர்களே, ஆட்சேபணை. பிரதிநிதி தலைவரைப் பார்த்துப் பேசவில்லை.”

தள்ளுபடி.

“ஆட்சேபணை. ‘நாங்கள்’ என்று எந்தெந்த நாடுகளைச் சொல்கிறார்?”

அதுவும் தள்ளுபடி.

“பாவம், திக்கறவனைக்கூட விடமாட்டேங்கறாளே, ராட்சசி” என்று பின்வரிசை முணுமுணுத்தது.

சிறந்த பிரதிநிதிக்கான கோப்பை அவளுக்குத்தான் என்று முதல் நாளே எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். அப்படிப் பேசுவாள். தலைவருக்கு வந்த கோபத்தில் அவளுடைய நடத்தை மதிப்பெண்ணை மொத்தமாகக் கழித்தார். கோப்பை கை மாறியது. அதற்கு மட்டும் அவள் ஆட்சேபணை சொல்லவில்லை.

இப்போது ரேடியோ சுகாதாரத் துறையின் செய்தித் தொடர்பாளர். வெள்ளி விழாவின் சீஃப் கெஸ்ட் அவன்தான். தினமும் டிவியில் வருகிறான். எங்காவது ஒரு சொல்லில் லேசாகத் தடுக்கும், அவ்வளவுதான்.

விழா அன்று ஆட்சேபணை நேராக மருந்துக் கடையிலிருந்து வந்திருந்தாள். மருந்தாளுநரின் வெள்ளை அங்கியை மடித்துக் கையில் வைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

தலைவர் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

“சொன்னாக் கேளு. பேசாம வீட்டுக்குப் போயிடு.”

“வந்தவளை வாங்கன்னு சொல்றதில்லையா தலைவரே?”

“விளையாடாத. அவன் ஏன் உன்னை வரச் சொன்னான்னு நினைக்கிறே? மைக் அவன் கையில இருக்கும். இத்தனை பிள்ளைங்க முன்னாடி பழசையெல்லாம் கிளறி உன்னை நாக்கைப் பிடுங்கற மாதிரி கேட்டுட்டான்னா?”

“கேக்கட்டும். அவன் பேசறதைக் கேக்கத்தானே வந்திருக்கேன்.”

“அதான் தினமும் டிவியில கேக்கறியே, பத்தாதா?”

“எங்க முதலாளி டிவி சத்தத்தைக் கூட்ட விடமாட்டார். வாயசைக்கறது மட்டும்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் அரங்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ரேடியோ வந்து சேர்ந்தபோது மாலை, பொக்கே என்று வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. தலைவர் அவனைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“டேய், ஒண்ணு சொல்வேன், கேப்பியா? அவ வந்திருக்கா.”

“தெரியும். முன்வரிசையில உட்கார வச்சிருக்கீங்களா?”

“எங்கேயோ உட்கார்ந்திருக்கா. அதை விடு. எல்லாம் சின்ன வயசுடா. அவளுக்கும் ஒரு குடும்பம் இருக்கு, மரியாதை இருக்கு. மேடையில வச்சு அசிங்கப்படுத்திடாத. அதுக்கான தண்டனையை நான் அன்னிக்கே கொடுத்துட்டேன்.”

ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“நானும் ரொம்ப வருஷமா அவளைத் திட்டிக்கிட்டுத்தான்டா இருந்தேன். போன வருஷம் ஒரு பிரஸ் மீட். அத்தனை கேமராவுக்கு முன்னாடி ஒரு வார்த்தை தொண்டையில மாட்டிக்கிச்சு. வரவே மாட்டேங்குது. எல்லாரும் என் வாயையே பார்க்கறாங்க. யாராவது எழுந்து குறுக்கே ஏதாவது கேட்டுத் தொலைய மாட்டாங்களான்னு ஏங்கினேன். அப்பத்தான் உறைச்சுது.”

“என்ன உறைச்சுது?”

“அவ ஆட்சேபணைன்னு எழுந்தா நீ முதல்ல என்ன பண்ணுவே?”

“கடிகாரத்தை நிறுத்துவேன். விதி அதுதானே. அவ சொல்லி முடிக்கணும், நான் தீர்ப்பு சொல்லணும். அதுவரைக்கும் உன் நேரம் கணக்கில வராது.”

“அதுவரைக்கும் எல்லாரும் யாரைப் பார்ப்பாங்க?”

“அவளைத்தான். அவளைப் பார்த்துத் திட்டிக்கிட்டு இருப்பாங்க.”

“நான்?”

“நீ சும்மா நின்னு மூச்சு வாங்கிக்கிட்டு…”



“இப்ப நல்லா யோசிச்சுச் சொல்லு” என்றான் ரேடியோ. “நான் திக்காமப் பேசிக்கிட்டு இருந்தப்ப ஒரு தடவையாவது அவ எழுந்திருச்சாளா?”