வாசலில் சொல்கிற வார்த்தை

அப்பா ஏழு மாதமாகக் கண் திறக்கவில்லை. மூச்சைக்கூட மெஷின்தான் விட்டது. இனி மீள மாட்டார், நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர்.

"உயிரை எடுக்க நாம யாருடா?" என்று அக்கா மூன்று வாரம் இழுத்தடித்தாள். பிறகு அவளும் கையெழுத்துப் போட்டாள்.

குழாயை எடுக்கும் முன் ஏதாவது சொல்வதென்றால் சொல்லலாம் என்றாள் நர்ஸ். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது நான் தினமும் வாசலில் நின்று சொன்னதுதான் வாயில் வந்தது.

"போயிட்டு வாங்கப்பா."

நாலு பத்துக்கு மூச்சு நின்றது. மறுநாள் எரித்துவிட்டு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை மாலை கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா உள்ளே வந்தார். "வாங்கப்பா" என்றாள் அக்கா. வேறென்ன சொல்வது? அவர் நேராகப் போய்த் தன் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு உலுக்கியும் எழுந்திருக்கவில்லை. சற்று நேரத்தில் மூச்சு திணற ஆரம்பித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம்.

அதே வார்டு, அதே கட்டில், அதே மெஷின். மூன்றாம் நாள் டாக்டர் அதே படிவத்தை நீட்டினார். இந்த முறை அக்காதான் முதலில் கையெழுத்துப் போட்டாள்.

"இப்பவாவது வாயை மூடிட்டு இரு" என்றாள் என்னிடம்.

உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் மெஷினை நிறுத்திக் குழாயை மெல்ல உருவினாள்.

கண்ணைத் திறக்காமலே அப்பா சொன்னார்:

"போயிட்டு வரேன்."