நான்கு மணி விமானம்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், யோகராணியை நாடுகடத்தவிருந்த விமானத்தை நீதிமன்றத் தடையாணையோடு ஓடிப்போய் நிறுத்தியவர் வழக்கறிஞர் லுட்விக் ஹாரன். அந்தப் புகழில் தேர்தலில் வென்று இப்போது உள்துறை அமைச்சராக இருந்தார். இன்று நான்கு மணி விமானத்தில் அனுப்பப்படுவோர் பட்டியலில் அவள் தம்பி குகதாசனின் பெயர் இருந்தது. கீழே ஹாரனின் கையெழுத்து.

அமைச்சர் அறையில் யோகராணி அவர் எதிரே நின்றாள். அவர் உட்காருவதும் எழுவதும் ஜன்னலுக்குப் போவதுமாக இருந்தார்.

“சட்டம் மாறிவிட்டதம்மா.”

“மாத்தினது ஆர், ஐயா?”

அவர் மேசைமேல் இருந்த பட்டியலைக் கவிழ்த்து வைத்தார்.

“அண்டைக்கு எனக்கு நீங்கள் இருந்தனீங்கள். இண்டைக்கு அவனுக்கு ஆர் இருக்கினம்?” என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

மணி இரண்டு. ஹாரன் குகதாசனின் வழக்குக் கோப்பை மறுபடி புரட்டினார். பதினேழாம் பக்கத்தில் கண் நின்றது: விசாரணையில் அவனுக்கு மொழிபெயர்ப்பாளர் தரப்படவில்லை. தடையாணை வாங்க அது ஒன்றே போதும். ஆனால் தான் கையெழுத்திட்டதைத் தானே ரத்து செய்தாலோ, அந்தக் குறையை வெளியே சொன்னாலோ பதவி போய்விடும். அறையை இரண்டு சுற்று சுற்றிவந்தார். பிறகு செயலாளரை வெளியே அனுப்பிவிட்டு, குகதாசனின் வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“குகதாசனின் கோப்பில் பதினேழாம் பக்கத்தைப் பாருங்கள். நீதிமன்றம் மூன்று மணிவரை திறந்திருக்கும்.”

“யார் பேசுகிறீர்கள்?” என்றாள் எதிர்முனையில் இருந்த அந்தப் பெண்.

ஹாரன் மூடிய கதவைப் பார்த்தார்.

“நானும் ஒரு வழக்கறிஞர்தான்,” என்றார்.