அயிரை வளர்க்கும் பக்குவம்

ஃபில்டர் குழாயின் வாயில் மாட்டியிருந்த பஞ்சை உருவிக் குப்பைக் கூடையில் போட்டாள் சைராகுல். ஹீட்டரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூட்டையும் கழற்றி அதே கூடைக்கு அனுப்பினாள்.

தங்கை நுர்ஜமால் கூடையையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பஞ்சும் கூடும் எதற்கென்று அவளுக்குத் தெரியும். தொட்டியில் இருப்பவை வரிபோட்ட அயிரை மீன்கள், மொத்தம் ஆறு.

அயிரைக்குக் குடித்தனம் அடித்தரையில்தான், ஆனால் மூக்கு மட்டும் ஊர் வம்புக்கு அலையும். பொந்து எதைக் கண்டாலும் தலையை நுழைத்துப் பார்த்தாக வேண்டும். குட்டியாக இருந்தபோது ஒன்று குழாய்க்குள் தலையைக் கொடுத்துவிட்டது. அதை உயிரோடு எடுப்பதற்குள் சைராகுல் அழுத அழுகை கராகோல் ஊரில் அந்தத் தெருவுக்கே கேட்டது. இன்னொன்று ஹீட்டரில் சாய்ந்து படுத்து முதுகைப் பொசுக்கிக்கொண்டு, இன்றும் தழும்போடு திரிகிறது.

பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளைகளாக வளர்ந்தவை. அவற்றைத்தான் கொண்டுபோக வந்துகொண்டிருந்தான் மெலிஸ், அடினாய் என்ற சின்னப் பெண்ணுக்காகச் சைராகுலைத் தள்ளிவைத்த புருஷன். தொட்டி தன் சம்பளத்தில் வாங்கியது, எனவே மீனும் தனக்கே என்று பெரியவர்கள் முன்னால் அடித்துப் பேசி ஜெயித்துவிட்டான். அவன் ஒரு நாளும் அவற்றுக்கு இரை போட்டதில்லை. அவள் கையில் எதுவும் மிஞ்சக்கூடாது, அவ்வளவுதான் அவன் ஆசை.

“அத்தான் மேல இருக்கற ஆத்திரத்த மீன் மேல காட்டாத அக்கா. வாயில்லா ஜீவன்” என்றாள் நுர்ஜமால்.

“அந்த ஆள சும்மா விடறதா இல்ல. நீ வாயத் தெறக்காம நில்லு.”

மெலிஸ் கூட்டாளி ஒருவனோடு வண்டியில் வந்து இறங்கினான். முதலில் தொட்டி வைக்கும் மேசையைத் தூக்கினார்கள். வாசல் படியில் பனி உறைந்து கிடந்தது. இடது பக்கம் வழுக்கும், வலது பக்கமாகப் போங்கள் என்று சைராகுல் சொன்னாள். மெலிஸ் இடது பக்கமே இறங்கி, மேசையோடு உட்கார்ந்தான். எழுந்ததும், அவள் வாய் வைத்ததால்தான் விழுந்தேன் என்று திட்டித் தீர்த்தான்.

மூடிபோட்ட வாளியில் மீன்களும் வண்டி ஏறின. சைராகுல் குரலில் தேனைக் குழைத்துக்கொண்டு பக்குவம் சொன்னாள்.

“குழாய்க்குப் பஞ்செல்லாம் மாட்டாதீங்க, தண்ணி ஓடாது. ஹீட்டரச் சுத்தி எதுவும் வைக்காதீங்க. தொட்டிய மூடினா மீனுக்கு மூச்சு முட்டும், தெறந்தே கெடக்கட்டும்.”

தொட்டி திறந்து கிடந்தால் அயிரை எம்பிக் குதித்துத் தரையில் காய்ந்து கிடக்கும். நுர்ஜமால் அத்தானை எச்சரிக்க வாயெடுத்தாள். அக்கா முறைத்துத் தடுத்தாள். பார்க்கச் சகிக்காமல் நுர்ஜமால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொந்த அக்காவை அன்றைக்கு அவள் மனதார வெறுத்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. பனி உருகத் தொடங்கியதும் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு மெலிஸின் புது வீட்டுக்குப் போனாள். அடினாய் சிரித்த முகத்தோடு தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். புதுக் குடித்தனம் பாலும் தேனுமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நுர்ஜமாலின் கண் தொட்டிக்கு ஓடியது. ஆறும் இருந்தன, கொழுகொழுவென்று. குழாயின் வாயில் பஞ்சு இரண்டு மடங்காகக் கட்டியிருந்தது. ஹீட்டருக்குக் கம்பிக்கூடு போட்டிருந்தது. மூடியின்மேல் ஒரு கல் வேறு ஏறி உட்கார்ந்திருந்தது.

“உங்கக்கா என்னை மடையன்னு நெனச்சுட்டா” என்று மெலிஸ் மார்தட்டினான். “மீனக் கொன்னு பழிய என் தலையில போடப் பார்த்தா. நான் கடையில விசாரிச்சு எல்லாத்தையும் வாங்கி மாட்டிட்டேன்.”

நுர்ஜமால் நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள். சைராகுல் எண்ணெய்ச் சட்டியில் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். ஆறும் உயிரோடு இருக்கின்றன, நீ போட்ட திட்டமெல்லாம் மண்ணாகிப்போனது என்று நுர்ஜமால் கொட்டித் தீர்த்தாள். மனசுக்குள் இருந்த கோபம் அத்தனையும் அந்தச் சொல்லில் இருந்தது.

சைராகுல் கரண்டியை வைத்துவிட்டாள். தழும்புக்காரன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேட்டாள். சாப்பிடுகிறான் என்றதும் தலைக்குட்டை நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

“பதினெட்டு வருஷம் அந்த ஆளோட குடித்தனம் பண்ணியிருக்கேன்டி. நான் கெழக்குன்னா அவரு மேக்கும்பாரு. பஞ்சு மாட்டுங்கன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே பிடுங்கி எறிஞ்சிருப்பாரு.”

அப்படியானால் அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன் என்றது வெறும் வாய்ச்சவடால்தானா என்று கேட்டாள் நுர்ஜமால்.

சைராகுல் சட்டியில் இருந்ததை நிதானமாகத் திருப்பிப் போட்டாள்.

“வண்டி கெளம்பறப்போ சொல்லி அனுப்பினேன், ‘அடினாய் தங்கமான பொண்ணு, கடைசி வரைக்கும் கைவிட்டுடாதீங்க’ன்னு.”