நோயாளியின் சொந்தக் குரல்

செல்போன் அதிர்ந்ததும் மதிவதனி முதலில் மின்விசிறியை நிறுத்தினாள். அதன் கடகடப்பில் கணவன் செங்கோடனின் குரல் அமுங்கிவிடக் கூடாது.

பிறகு ஸ்பீக்கரைப் போட்டு, செல்போனை அவர் முகத்துக்கு நேராகத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தாள்.

"வணக்கமுங்க. இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து நர்ஸ் நவ்யா பேசறேனுங்க. செங்கோடன் பக்கத்துல இருக்காருங்களா?"

"இருக்காருங்க."

பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. காலும் கையும் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சு திரும்பவில்லை. பெருந்துறையில் லோடு டெம்போ ஓட்டியவர். தெருமுனையில் நின்று யாரோடாவது பேசினால் சமையலறையில் கேட்கும். அவருக்கு இப்போதும் எல்லாம் புரிந்தது. சொல்லத்தான் வரவில்லை. பசித்தாலும் "ம்", வலித்தாலும் "ம்".

மதிவதனி வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் இன்சூரன்ஸில்தான், பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நர்ஸ் கூப்பிட்டு விசாரிப்பாள். நோயாளி தன் பெயரைத் தன் சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். மூன்று அழைப்பில் குரல் பதிவாகாவிட்டால், தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதிப் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள்.

பேச முடியாதவரைப் பேசச் சொல்லும் இந்த விதியை யார் எழுதியது என்று மதிவதனி கேட்டுப் பார்த்தாள். இரண்டு மெயில் போட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

இது மூன்றாவது அழைப்பு.

கொழுந்தன் தம்பிதுரை நேற்று வந்து ஒரு வழி சொன்னான். "நான் பேசிப்போடறேன் அண்ணி. பேருதானுங்களே? அண்ணன் குரலும் என் குரலும் ஒண்ணாட்டத்தான் இருக்கும்."

அவள் ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்தாள். அதற்குள் செங்கோடன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்துவிட்டாள்.

"வேண்டாந் தம்பி. அவரே சொல்லுவாரு."

பன்னிரண்டு நாளாக, கம்பெனி வேன் வருவதற்கு முன்னால், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். செங். கோ. டன். அவள் உதட்டை அவர் பார்ப்பார். பிறகு கையிலிருக்கும் கண்ணாடியில் தன் உதட்டைப் பார்ப்பார். ஒருநாள் அந்தக் கண்ணாடியைத் தூக்கி எறிந்தார். அவள் எடுக்கப் போனபோது கையைக் காட்டித் தடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் தானே எடுத்து வந்து உட்கார்ந்தார்.

பாதியில் நின்றால் நீங்கள் முடித்துவிடாதீர்கள் என்று பயிற்சிக்கு வரும் பெண் சொல்லியிருந்தாள். மதிவதனிக்கு அதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது.

"உங்க பேரைச் சொல்லுங்க" என்றாள் நவ்யா.

செங்கோடன் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"செ..."

நின்றுவிட்டது. காற்றில்லாத அறையில் அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து புருவத்தில் தேங்கியது. மதிவதனி கீழுதட்டைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

போன இரண்டு தடவையும் இந்த இடத்தில்தான் "நன்றிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இன்று அந்த வார்த்தை வரவில்லை. நவ்யாவுக்குப் பின்னால் வேறு யாரோ வேறு யாருடைய சர்க்கரை அளவையோ விசாரிப்பது கேட்டது.

"மெதுவாச் சொல்லுங்க. நான் போனை வெக்கமாட்டேனுங்க."

"செங்..."

அவருடைய இடது கை தொடையில் ஓங்கி அடித்தது.

"...கோ..."

மறுபடியும் அடித்தது.

"...டன்."

கம்ப்யூட்டரில் எதையோ தட்டும் சத்தம்.

"பதிவாயிருச்சுங்க."

மதிவதனி சந்தோஷப்படவில்லை. அதற்கு நேரமில்லை. அடுத்த கேள்வி என்ன என்று பயிற்சிக்கு வரும் பெண் முன்பே சொல்லியிருந்தாள். சிரமம் இருக்கிறது என்றால் பயிற்சி தொடரும். இல்லை என்றால் முடிந்தது. அதற்கு அவளே பதில் சொல்வதாக இருந்தாள். செல்போனை நோக்கிக் குனிந்தாள்.

"பேசறதுக்கு இன்னும் சிரமம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

செங்கோடனின் கை குறுக்கே வந்து அவளை நிறுத்தியது.

"இல்லீங்க" என்றார்.

எங்கும் உடையாமல், ஒரே மூச்சில் வந்தது.

நவ்யா கேட்டாள். அவள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"ஏனுங்கம்மா, அவரு சொன்னபடியே எழுதிக்கட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாமுங்க. சிரமம் இருக்குதுன்னே எழுதுங்க."

"எழுதிட்டேனுங்க. பயிற்சி தொடரட்டும்."

மதிவதனி எழுந்து போய் மின்விசிறியைப் போட்டாள். பன்னிரண்டு நாளும் அவருக்கு அவள் சொல்லிக் கொடுத்தது பெயரை மட்டும்தான். ‘இல்லை’ என்ற சொல்லை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதோடு சேர்ந்து வந்த அந்த ‘ங்க’வை யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை.