வாங்க ஆளில்லாத மீன்

"மனிசரத் திண்ட மீன வாங்கித் திங்கிறான். அவனும் ஒரு மனிசனா?"

சீதேவிப்பிள்ளை அரிசியைக் களைந்தபடியே கேட்டாள். அந்த அரிசியும் அந்த ஆள் கொடுத்ததுதான்.

கணவன் கதிர்காமத்தம்பி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தான்.

"நம்மட தம்பியும் அந்த ஆத்துக்குள்ளதான் கிடக்கானோ என்னவோ. உங்களுக்கு ரோசமே வரல்லையா?"

"புள்ளைகளுக்குக் கஞ்சியக் காச்சு" என்றுவிட்டு இறங்கினான்.

தொண்ணூறாம் ஆண்டு அது. ஊரார் ஆறு என்று சொல்லும் மட்டக்களப்பு வாவியில் பிணங்கள் மிதந்த வருடம். ஊரில் ஒருவரும் ஆற்று மீனைத் தொடவில்லை. கதிர்காமத்தம்பி வீட்டு மீன் சட்டியும் கவிழ்ந்தே கிடந்தது. அவன் தம்பி வினாயகமூர்த்தியை ஜீப்பில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு மாதம். ஆற்றில் போட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது.

ஆனால் வீட்டில் நான்கு பிள்ளைகள். அவனுக்கோ வலை வீசுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

அந்த நேரத்தில்தான் முகைதீன்பாவா வந்து வாய்த்தார். எல்லைத் தெருவுக்கு அந்தப் பக்கம், முஸ்லிம் ஊர்க்காரர். இரண்டு ஊருக்கும் நடுவில் கொலைகள் விழுந்து, போக்குவரத்தே அற்றுப்போயிருந்த காலம். அவருடைய மூத்த மகனைச் சுட்டுக் கொன்றதும் இந்தப் பக்கத்திலிருந்து போன துவக்குகள்தான். அப்படியிருந்தும் மனிதர் காலையில் தெரு முனைக்கு வந்து நிற்பார். ஒரு கொத்து அரிசியை அளந்து கொடுத்து மீனை முழுதாக வாங்கிக்கொள்வார்.

சும்மா வாங்கவும் மாட்டார். செவுளை விரித்துப் பார்ப்பார். இன்னும் இரண்டைப் போடு என்று நச்சரிப்பார்.

"சோனகனுக்கு இதெல்லாம் ஒரு அருவருப்பா?" என்று ஊர் காறித் துப்பியது. கதிர்காமத்தம்பியும் மனதுக்குள் துப்பினான். தான் வாயில் வைக்காத மீனை இன்னொருவனுக்குக் கொடுக்கிறவனை என்னவென்று சொல்வது? அதை ஊரும் கேட்கவில்லை, அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று வலையில் ஒரு சேர்ட்டுத் துண்டு வந்தது. நீலக் கோடு போட்டது. தம்பியிடம் அப்படி ஒன்று இருந்ததா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அதை மறுபடி தண்ணீரிலேயே விட்டான். பறிக்குள் துடித்த மீன்களைத் திரும்பிப் பார்க்காமல் கரைக்கு வந்தான்.

தெரு முனையில் முகைதீன்பாவா பையோடு நின்றார்.

"என்ன கதிர்காமம், இண்டைக்குத் திரளியெல்லாம் சின்னனாக் கிடக்கு?"

"இதுதான் பட்டது காக்கா." அண்ணன் முறை சொல்லி அழைக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை.

"சரி, போடு. நேத்தையான் மீன் நல்ல ருசி மனே. பொரிச்சுத் திண்டம்."

ருசியாம்! கதிர்காமத்தம்பிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முகைதீன்பாவா அரிசியை அவன் கையில் திணித்துவிட்டு மீனோடு திரும்பி நடந்தார்.

வலை அறுக்கும் கத்தி இடுப்பில் இருந்தது. இந்த மனிதனை இன்றைக்கு விடுவதில்லை. நாளைக்குப் பிள்ளைகள் பட்டினி கிடந்தாலும் கிடக்கட்டும்.

எல்லைத் தெருவைத் தாண்டினான். இரண்டு மாதமாக அவன் ஊரில் எவரும் வைக்காத அடி. யாராவது கண்டு ஒரு சத்தம் போட்டால் உயிரோடு திரும்ப முடியாது. ஒரு வேலிக்கு மேலால் தலையொன்று தெரிந்தது. மதிலோடு ஒட்டி நின்றான். தலை மறைந்ததும் நடந்தான்.

முகைதீன்பாவா வீட்டுக்குள் நுழையாமல் பின்வளவுக்குப் போனார். பின்னால் போன ஒழுங்கையின் பக்கம், ஓலைக் கிடுகு வேலியில் ஒரு பொத்தல் இருந்தது. கதிர்காமத்தம்பி கத்தியை உருவிக்கொண்டு உள்ளே புகுந்தான்.

முகைதீன்பாவா ஒரு தென்னையடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஹவ்வா உம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் பையைக் கவிழ்த்தாள். அத்தனை மீனும் குழிக்குள் விழுந்தது. மற்றத் தென்னைகளின் அடியிலும் புதிதாய்க் கிளறிய மண்.

"யா அல்லாஹ்!" கத்தியைக் கண்டு ஹவ்வா உம்மா அலறப் போனாள்.

"கத்தாத புள்ள!" முகைதீன்பாவா அவள் வாயைப் பொத்தினார். "வெளியில கேட்டா இவன உயிரோட விடமாட்டானுகள்."

கதிர்காமத்தம்பியின் கை தானாகத் தொங்கிப்போனது.

"நீங்க... இதத் திங்கிறல்லையா காக்கா?"

"ஆரு திங்கிற இத? நினைச்சாலே எனக்கு ஓங்காளிக்குது. இந்த ஊட்டயும் ஆத்து மீன் சமைச்சு ரெண்டு மாசம்."

"அப்ப ருசியெண்டு சொன்னீங்க? ஒவ்வொரு நாளும் பேரம் பேசினீங்க? புதைக்கிறத்துக்கு ஏன் அரிசியக் குடுத்து வாங்கிற?"

முகைதீன்பாவா மண்ணை இழுத்துக் குழியை மூடினார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு புள்ளக்காரன் நீ. சும்மா தந்தா, என்ட கையால அரிசி வாங்கியிருப்பியா மனே?"