பூவரசனின் முக்கோணம்

அறுவை சிகிச்சைக்கு முன்பே எதிர்ப்பு சக்தி மருந்து ஏற்றிப் பார்க்கும் பரிசோதனையில் ஒரே ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. சமீருல்லாவுக்கும் கிட்னியில் புற்றுநோய், அவன் தோஸ்த் பூவரசனுக்கும் அதே. ஆம்பூரில் ஒரே டேனரியில் தோல் பதனிடக் கொடுக்கிற வியாபாரிகள்.

"நம்மள வெச்சு டெஸ்ட் பண்றாங்கடா, போகாத," என்று பூவரசனைப் பயமுறுத்திவிட்டு, சமீருல்லா தன் பெயரைக் கொடுத்தான். பூவரசன் ரம்ஜானுக்கு முன்பே செத்துப்போனான்.

மருந்து ஏற்றி முடிந்ததும், வேலூரில் டாக்டர் சமீருல்லாவிடம் ஸ்கேனைக் காட்டினார். "கட்டி பாதியாயிடுச்சு பாய். ஆனா இந்த மூணு ஓட்டை முன்னாடி இல்லையே."

தோல் ஊறும் டிரம்மில் அடுத்தவன் தோலோடு கலந்துபோகாமலிருக்க, பூவரசன் தன் தோல்களின் ஓரத்தில் குத்துகிற அதே மூன்று துளை முக்கோணம்.

"சீக்கிரம் எடுத்துடுங்க டாக்டர். அது என்னுது இல்ல."

"அந்தக் கிட்னியை எடுத்துடலாம்," டாக்டர் படத்தை நகர்த்தினார். "நல்ல கிட்னியிலயும் இருக்கே, பாய்."